வேடர் ஊர்களிற் கற்றவை



பாடசாலைக்குப் புதிதாக வரும் பிள்ளையின் விவரங்களைச் சேர்விடாப்பிற் பதியும்போது, பெயர், பிறந்த திகதி, பெற்றோரின் தொழில் என்னும் நிரல்களோடு இனம் என்னும் நிரலையும் நிரப்புவது வழக்கம். அதிபர்களாகிய நாங்கள் எண்ணிப் பாராமலே நிரப்பிவிடும் நிரல் அது. மட்டக்களப்பு மாவட்டத்தின் வட பகுதியில், கடலும் களப்பும் காடும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் ஓர் ஊரிலே நான் பணியாற்றிய காலத்தில், ஒரு தந்தையார் தம் மகளை ஐந்தாம் வகுப்பிற் சேர்ப்பதற்காக அழைத்து வந்தார். களப்பிலே மீன்பிடிப்பவர். ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிவந்த நான் அந்த நிரலை அடைந்ததும் அவர் சற்றுத் தயங்கினார். பின்பு குரலைத் தாழ்த்தி, "நாங்க வேடர் சேர். ஆனா நீங்க தமிழெண்டே எழுதுங்க. மத்தப் பிள்ளைகள் இவளைப் பகிடி பண்ணக்கூடாது" என்றார்.

நான் தமிழ் என்றே எழுதினேன். அதனைப் பிழையென்று சொல்லவும் இயலாது. அவர் பேசும் மொழி தமிழ். அவர் கும்பிடும் கோயில் நாங்கள் கும்பிடும் கோயில். ஆயினும், அன்று பிற்பகல் ஐந்தாம் வகுப்பறைக்குட் சென்றபோது சுவரிலே தொங்கிய ஒரு படம் என் கண்ணிற் பட்டது. இடையிலே இலை, தோளிலே கோடரி, கையிலே வில். கீழே "ஆதிமனிதன்: வேடன்" என்ற எழுத்துகள். முந்திய ஆண்டு ஓவிய ஆசிரியரைக் கொண்டு அப்படத்தை வரைவித்து அங்கே மாட்டுவித்தவன் நானே. மறுநாள் முதல் அந்தப் பிள்ளை அதன் எதிரே அமர்ந்து படிக்கப் போகிறாள் என்ற நினைவு என்னை வருத்திற்று.

அவ்வாண்டு ஓகஸ்ட் விடுமுறையிலும் அதன்பின் வந்த சில விடுமுறைகளிலும் வேடர் வாழும் ஊர்கள் சிலவற்றுக்குப் போய்வந்தேன். அங்கே கண்டவற்றையும், கண்டதை விளங்கிக்கொள்வதற்காக நூல்களிற் படித்தவற்றையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

வேடர் என்பது பிறர் இட்ட பெயர். உள்நாட்டிலே, விந்தனைக் காட்டுப் பகுதியில் வாழ்வோர் தம்மை வன்னியலா எத்தோ என்பர். காட்டு மக்கள் என்பது அதன் பொருள். அவர்கள் எப்போது இந்நாட்டுக்கு வந்தார்கள் என்று கேட்பவர் உண்டு. நம்மெல்லோர்க்கும் முன்னரே இத்தீவில் வேட்டையாடி வாழ்ந்த மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள் என்பது ஆய்வாளர் பலர் கொண்ட முடிபு. களுத்துறை மாவட்டத்திலுள்ள பாகியன்கலைக் குகையை அகழ்ந்தபோது, ஏறக்குறைய 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்பு முனைகள் கிடைத்தன. அவை அம்பு முனைகளாகப் பயன்பட்டவை என 2020ஆம் ஆண்டில் ஆய்வாளர் அறிவித்தனர். எங்கள் சுவர்ப்படத்திலே அநாகரிகத்தின் அடையாளமாக நாங்கள் வரைந்த வில், மனித அறிவின் மிகப் பழைய சாதனைகளுள் ஒன்று என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

எழுத்திலே வேடரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விரிவான பழைய செய்திகளுள் ஒன்று றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயருடையது. 1660ஆம் ஆண்டிலே கொட்டியாரத் துறையிற் கப்பல் நின்றபோது கண்டி மன்னனுடைய ஆட்களாற் பிடிபட்டு, 1679ஆம் ஆண்டு தப்பிச் செல்லும்வரை இந்நாட்டிலே சிறையிருந்தவர் அவர். 1681இல் அவர் வெளியிட்ட நூலிலே ஒரு செய்தி வருகின்றது. அம்பு வேண்டிய வேடன் இரவிலே கொல்லனுடைய பட்டறைக்கு வருவான். இறைச்சியை அங்கே தொங்கவிட்டு, தனக்கு வேண்டிய அம்பின் வடிவிலே ஓர் இலையை வெட்டி அதனருகே வைத்துவிட்டுப் போவான். கொல்லன் அவ்வாறே செய்துவைத்தால் மேலும் இறைச்சி கொண்டுவந்து கொடுப்பான். செய்யாவிட்டால், இருளிலே அம்பு பாயும். பேச்சில்லை, பணமில்லை, ஆயினும் கொடுக்கல் வாங்கல் நடந்தது. இலையிலே வெட்டிய வடிவம் ஒரு வரைபடம். தொங்கிய இறைச்சி ஒரு முற்பணம்.

இந்தச் செய்திகளை மனத்திற் கொண்டே முதலிலே தம்பானைக்குப் புறப்பட்டோம். நானும் ஆசிரியர் இருவரும், சிங்களம் நன்கு அறிந்த நண்பர் ஒருவருமாக நால்வர். செங்கலடியிற் பிரியும் பதுளை வீதி வழியே மகாஓயாவைக் கடந்து, பதியத்தலாவையில் மகியங்கனைப் பாதையைப் பிடித்தோம். பாதையின் இருபுறமும் வயலும் சேனையும் மாறிமாறி வந்தன. தம்பானைச் சந்தியிலிருந்து உள்ளே செல்லும் வழியிற் சிறிது தூரத்திலேயே சுற்றுலா வண்டிகள் நிற்கக் கண்டோம்.

முதலிலே நான் கண்டது ஏமாற்றந் தருவதாகவே இருந்தது. வந்திறங்கியோர் தோளிற் கோடரி தாங்கிய முதியவர் பக்கத்திலே நின்று படம் எடுத்துக்கொண்டனர். மாலையும் தேனும் வாங்கினர். அரைமணி நேரத்திற் போய்விட்டனர். "இவை பார்ப்பவர்க்காகச் செய்யும் வேடிக்கைதானே" என்றார் உடன் வந்த ஆசிரியர். அவ்வாறு எண்ணுவது எளிது. ஆனால் பார்க்க வந்தவர்கள் நாங்கள். கோடரியோடு நிற்கும்படி கேட்டவர்களும் நம்மைப் போன்றவர்களே. காட்டிலே வேட்டையாடக் கூடாதென்ற சட்டம் வந்தபின், அந்தப் படமே சிலர்க்குச் சோறாயிற்று என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

நாங்கள் அன்றிரவு அயலூரிலே தங்கி, மறுநாட் காலையில் மீண்டும் சென்றோம். வண்டிகள் இன்னும் வந்திருக்கவில்லை. முதியவர் ஒருவர் தம் இரு கைகளாலும் எங்கள் முன்கைகளைப் பற்றி வரவேற்றார். அதுவே அவர்களுடைய வணக்கம். கைகூப்பும்போது இருவர்க்கிடையே ஓர் இடைவெளி உண்டு. இந்த வணக்கத்தில் இடைவெளியில்லை. முன்கை பற்றியவர் அயலாராக இருத்தல் அரிது. நண்பர் மொழிபெயர்க்க, தேன் எடுக்கும் முறையை அவர் விளக்கினார்.

பாறைகளின் விளிம்பிலே பெருந்தேனீக்கள் கட்டும் அடைகளே அவர்கள் பெரிதும் நாடுபவை. காட்டுக்கொடிகளைத் திரித்து ஏணி செய்து, பாறையின் உச்சியிலே மரத்திற் கட்டித் தொங்கவிடுவர். ஒருவர் அதில் இறங்கி, பச்சிலைப் புகையாலே தேனீக்களை விலக்கி அடையை அறுப்பார். மேலே நிற்பவர் கொடியைக் காப்பார். கீழே பள்ளம், சுற்றிலும் கொட்டும் தேனீ, உயிர் மேலே நிற்பவர் கையிலே. ஆகவே, மேலே யாரை நிறுத்துவது என்பது உறவும் நம்பிக்கையும் பற்றிய கேள்வி. இவ்வாறு பெற்ற தேன் உணவாக மட்டும் பயன்படவில்லை. மரப்பொந்திலே தேனை ஊற்றி, அதனுள் இறைச்சியை நிறைத்து, களிமண்ணால் வாயடைத்துப் பஞ்ச காலத்துக்கென வைத்திருந்தனர் என்றும் நொக்ஸ் எழுதியிருக்கின்றார். நாளையைப் பற்றிச் சிந்தியாத மக்கள் என்று வேடரைப் பழித்தோர் இச்செய்தியைக் கவனிக்கவில்லை.

காடு யாருக்கும் சொந்தமில்லாத வெளி என்பது நகரத்தார் எண்ணம். வேடர் அவ்வாறு எண்ணவில்லை. ஒவ்வொரு கூட்டத்தார்க்கும் தனித்தனியே காட்டெல்லை இருந்ததென்றும், எல்லை கடந்து வேட்டையாடவோ தேனும் கனியும் எடுக்கவோ கூடாதென்றும், எல்லையோரத்திலே நின்ற ஒரு பலாமரத்தை முன்னிட்டு எழுந்த சண்டையிற் பலர் மாண்டனர் என்றும் அதே நூல் கூறுகின்றது. 1907, 1908ஆம் ஆண்டுகளிலே இங்கு ஆராய்ச்சி செய்து 1911இல் வேடரைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியரும், தேன்பாறைகள் குடும்பங்களுக்கு உரியனவாயிருந்தமையைக் குறித்துள்ளனர். வேலியில்லை, உறுதிப் பத்திரம் இல்லை. உரிமை மட்டும் உண்டு.

இதனை விளங்கிக்கொண்டாற்றான் 1983இல் நடந்ததன் பாரம் நமக்குத் தெரியும். துரித மகாவலித் திட்டத்தின்கீழ் நீர்த்தேக்கங்களும் குடியேற்றங்களும் அமைக்கப்பட்டபோது, அவற்றின் நீரேந்து பரப்பையும் இடம்பெயரும் விலங்குகளையும் காப்பதற்காக, அவ்வாண்டு நவம்பர் 9ஆம் திகதி மாதுறு ஓயாத் தேசிய வனம் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் பரப்பு 588 சதுர கிலோமீற்றர். குளத்துக்கு நீர் வேண்டும். யானைக்குக் காடு வேண்டும். இவற்றை மறுப்பார் இல்லை. ஆயின், அக்காடு வேடருடைய வேட்டை நிலமாகவும் தேன் நிலமாகவும் இருந்தது. நேற்றுவரை தந்தையின் பாறையாயிருந்த இடத்தில் இன்று தேனெடுத்தல் குற்றமாயிற்று. குடும்பங்கள் பல ஹெனானிகல முதலிய புதிய குடியேற்றங்களுக்குச் சென்று நெல் விளைவிக்கத் தொடங்கின. தலைவர் திஸ்ஸஹாமி தம் பழைய ஊரை விட்டுச் செல்ல மறுத்துத் தம்பானையிலேயே சில குடும்பங்களோடு தங்கிவிட்டார்.

அவருடைய மகன் ஊருவரிகே வன்னிலா எத்தோ 1996ஆம் ஆண்டு ஜெனீவாவுக்குச் சென்று, ஐக்கிய நாடுகள் சபையின் பழங்குடி மக்கள் பற்றிய செயற்குழு முன்னிலையிலே தம் மக்களின் குறையை எடுத்துரைத்தார். திஸ்ஸஹாமி 1998இற் காலமானார். 2007ஆம் ஆண்டு செப்டெம்பர் 13ஆம் திகதி பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றியபோது இலங்கையும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. அம்பின் வடிவை இலையில் வெட்டிவைத்துப் பேசாமற் சென்றவனின் வழிவந்தவர் உலக மன்றிலே பேசவேண்டியதாயிற்று.

இனி, அவர்களுடைய மொழி. அது சிங்களத்தோடு பெரிதும் கலந்து உருவான மொழியென்றும், சிங்களமல்லாத பழஞ்சொற்களும் அதில் எஞ்சியுள்ளன என்றும் மொழியறிஞர் கூறுவர். ஒரு பொருளுக்குத் தனிப்பெயர் வைப்பதைவிட, அதன் தன்மையை விரித்துச் சொல்வது அம்மொழியிலே மிகுதி. முதியவர் அம்மொழியிற் சில சொற்றொடர்களைச் சொல்லிக் காட்டினார். அருகில் நின்ற பேரன் அவற்றைக் கேட்டு நாணத்தோடு சிரித்தான். அவன் படிப்பது சிங்களத்தில். பாட்டன் சொல்வது அவனுக்கு விளங்குகின்றது. ஆயினும் அம்மொழியில் விடையளிக்க அவன் முயலவில்லை. ஒரு மொழி எவ்வாறு அடங்கிப் போகிறது என்பதை அச்சிரிப்பிற் கண்டேன். எங்கள் வகுப்பறைகளிலும் அச்சிரிப்பைக் கண்டிருக்கின்றேன். அப்போது அதன் பொருள் தெரியவில்லை.

உறவு முறையிலே நமக்கு அண்மையான செய்தி ஒன்று உண்டு. வேடர் வருகே எனப்படும் குலங்களாகப் பிரிந்திருப்பர். ஊருவரிகே, மொறானே, உணாப்பானே என்பன அவற்றுட் சில. தாம் ஆராய்ந்த சில கூட்டத்தாரிடையே பிள்ளைகள் தாயின் குலத்தையே சேர்ந்தனர் என்றும், ஒரே குலத்தார் தம்முள் மணந்துகொள்வதில்லை என்றும், மாமன் மகளை மணப்பதே முறையான மணம் என்றும் செலிக்மன் தம்பதியர் எழுதியுள்ளனர். மட்டக்களப்பு நேயர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. நம்முடைய குடிமுறையும் தாய்வழியே வருவது. ஒரே குடியில் நாமும் பெண்கொள்வதில்லை. கோயிற் சடங்குகளிலே குடிப்பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், அதே ஒழுங்கைக் காட்டிலே கைக்கொண்டவரை ஒழுங்கற்றவர் என்று எவ்வாறு சொன்னோம்?

சமயத்திலும் அவ்வாறே. இறந்தவரின் ஆவிகளை அவர்கள் நே யக்கு என்பர். உறவினராகிய ஆவிகள் என்பது பொருள். இறந்தோர் தம் சுற்றத்தாரைக் கைவிடுவதில்லை, வேட்டைக்கும் தேனுக்கும் துணைநிற்பர், நோயையும் நீக்குவர். கிரிகொறஹா என்னும் ஆட்டம் வேட்டைத் தெய்வமாகிய கந்தே யக்காவை வேண்டி ஆடப்படுவது. முக்காலிபோல் நட்ட கழிகளின்மேல் தேங்காய்ப் பால் நிறைந்த பெரிய சட்டியை வைத்து, பூசாரி அதனைச் சுற்றியாடி உருவேறுவார். தென்புலத்தார்க்குக் கடன் செய்யும் நமக்கும், அம்மன் சடங்கிலே தெய்வமாடுவோரைக் கண்டு வளர்ந்த கிழக்கிலங்கையார்க்கும் இதில் வியப்பதற்கு என்ன இருக்கின்றது?

தம்பானையிலிருந்து திரும்பியபின், தொலைவிற் போய்த் தேடியதை என் ஊரிலேயே தேடத் தலைப்பட்டேன். வாகரை, பனிச்சங்கேணி, கதிரவெளி முதலிய இடங்களை அடுத்த கரையோரச் சிற்றூர்களிலும் வெருகலுக்கு அப்பாலும் வாழும் வேடர் தமிழ் பேசுவோர். கரையோர வேடர் என்று செலிக்மன் நூல் அவர்களைத் தனியே குறிப்பிடுகின்றது. களப்பிலும் கடலிலும் மீன்பிடித்தல், காட்டிலே தேனெடுத்தல், சேனை செய்தல், கூலிவேலை என்பன அவர்களுடைய தொழில்கள். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கிற்று. 2006இன் இறுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் நடந்த போரில் வாகரைப் பகுதி மக்கள் வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்தனர். அந்நாட்களிலே தமிழர் பட்ட துன்பமனைத்தையும் அவர்களும் உடனிருந்து பட்டனர்.

என் பாடசாலையிற் சேர்ந்த அந்தப் பிள்ளையின் தந்தையார் ஒருநாள் என்னைக் காட்டோரத்துக்கு அழைத்துச் சென்றார். நீர் குடிக்க வரும் தேனீ எந்தப் பக்கமாக எழுந்து பறக்கிறது என்று பார்த்தே கூடிருக்கும் திசையை அவர் கணித்தார். உடன்வந்த மகள் பாலை, வீரை, கூழா, முதிரை என மரங்களைப் பட்டையைத் தொட்டே பெயர் சொன்னாள். விஞ்ஞான பாடத்திலே கடைசி வாங்கில் வாய்திறவாதிருந்த பிள்ளை அவள். முப்பது ஆண்டு கற்பித்த நான் அன்று அவளிடம் ஏழு மரங்களின் பெயரைக் கற்றேன். பாடசாலை திறந்ததும் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். விஞ்ஞான ஆசிரியர் அவ்வகுப்பைக் காட்டோரத்துக்கு அழைத்துச் சென்றபோது மரங்களைக் காட்டும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்.

வேடன் என்ற சொல்லை வசையாக வழங்குவோர் நம்மிடையே உண்டு. ஆண்டுதோறும் இக்கரை வழியே கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் வள்ளியம்மையைப் பாடிச் செல்கின்றனர். அவ்வள்ளி வேடர் குலத்திலே வளர்ந்தவள். வேடரும் அவளைத் தம் குலமகள் என்றே கொண்டாடுவர். கண்ணப்பரை நாயன்மார் வரிசையிலே வைத்துத் தொழுகின்றோம். கோயிலிலே கும்பிட்ட பெயரை வீதியிலே வசையாக்கலாமோ?

இந்த வசையின் விளைவை எண்களிலும் காணலாம். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே வேடர் எனப் பதியப்பட்டோர் 5,332 பேர். 1946இல் 2,361 பேர். 1953இல் 803 பேர். ஏழே ஆண்டுகளிலே மூன்றில் இரண்டு பங்கினர் மாண்டுபோனார்களா? அத்தகைய கொள்ளைநோய் ஒன்றும் அக்காலத்தில் அவர்களைத் தாக்கவில்லை. பெரும்பாலோர் உயிரோடுதான் இருந்தனர். உள்நாட்டிலே சிங்களவர் என்றும், கரையிலே தமிழர் என்றும் எழுதப்பட்டனர். சிலர் தாமே அவ்வாறு சொன்னார்கள். சிலரைக் கேளாமலே எழுதினார்கள். எண்ணுபவர் மனம்போல எண்ணிக்கை மாறிற்று. அந்த நிரலை நிரப்பியவர்களுள் ஒருவனாக நானும் இருந்தேன்.

நேயர்களே, இத்தகைய ஊர்களுக்குச் செல்ல விரும்புவோர்க்கு நான் பட்டறிந்த சிலவற்றைச் சொல்லுகின்றேன். அரைமணி நேரத்திற் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஓர் இரவேனும் அயலிலே தங்குங்கள். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், மறுத்தால் மனங்கோணாதீர்கள். மதுவையும் புகையிலையையும் கொண்டுபோய்க் கொடுத்து அன்பைக் காட்டாதீர்கள். வாங்கும் தேனுக்கு உரிய விலையைக் கொடுங்கள். அவர்கள் இலையுடையோடு இல்லையே என்று ஏங்காதீர்கள். நம் பாட்டனாருடைய உடையிலே நாம் இல்லை. அதனால் நாம் நாமல்லாமற் போய்விடவில்லை.

முடிவாக, நான் தொடங்கிய இடத்துக்கே வருகின்றேன். அந்தப் பிள்ளையின் தம்பியைச் சேர்க்க அவளுடைய தந்தையார் இரண்டாண்டு கழித்து வந்தார். அந்த நிரல் வந்ததும் நான் எழுதுகோலை வைத்துவிட்டு, "என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன். "தமிழெண்டே எழுதுங்க சேர்" என்றார். அவ்வாறே எழுதினேன். தம் பிள்ளை இன்னார் என்று சொல்லும் உரிமை அவருடையது. அதில் நான் குறுக்கிடலாகாது. ஆனால், அவர் இம்முறையும் குரலைத் தாழ்த்தியே சொன்னார். அக்குரல் தாழாமல் விடை சொல்லக்கூடிய ஒரு பாடசாலையை, ஒரு வீதியை, ஒரு சந்தையை அமைப்பது அவர் வேலையன்று, நம் வேலை.